மறு: ‘நைதர் டூ ஐ’ – ‘எதிர்மறை உடன்பாடு’ வேண்டாம், வேறு பேர் பார்ப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணக் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில், ஒருவர் ‘இல்லை’ என்றதற்கு ‘நைதர் டூ ஐ’ (Neither do I – ‘நானும் இல்லை’) என்று பதில் சொல்லும் அமைப்புக்கான பேர் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. பாளையங்கோட்டை அண்ணாச்சி நேற்று எழுதியிருந்தார்:

> ஒருவர் ‘இல்லை’ என்கிறார். அடுத்தவர் ‘எனக்கும் இல்லை’ என்று உடன்படுகிறார். ஆகவே ‘எதிர்மறை உடன்பாடு’. இதில் குழப்பம் என்ன இருக்கிறது?

குழப்பமே அங்கேதான் அண்ணாச்சி. தமிழ் இலக்கணத்தில் உடன்பாடு என்பது எதிர்மறைக்கு நேர் எதிர். ‘வந்தான்’ உடன்பாட்டு வினை, ‘வாரான்’ எதிர்மறை வினை. உடன்பாட்டுத் தொடரை எதிர்மறைத் தொடராக மாற்றச் சொல்லித் தமிழ்த் தேர்வில் கேள்வியே வரும். அதை எழுதிப் பழகிய பிள்ளையிடம் ‘எதிர்மறை உடன்பாடு’ என்றால், ‘ரெண்டுல எது சார்?’ என்றுதான் கேட்பான். அவன் கேட்பது நியாயம்.

பேரைத் தேடும் முன், பேர் எதற்கு வேண்டும் என்று பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பில் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் நடந்தது இது. ‘ஐ டிட்ன்ட் ஸீ த தேர்’ என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். பக்கத்துப் பையன் யோசிக்கவே இல்லை: ‘மீ டூ சார்!’ முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை திருத்தியது: ‘தப்புல. ஐ ஆல்ஸோ டிட்ன்ட் ஸீ.’ இருவரும் மனசுக்குள் சொன்னது ஒன்றுதான்: ‘நானும் பாக்கலல்லா.’ ஆங்கிலத்தில் அங்கே வர வேண்டியது ‘நைதர் டிட் ஐ’, அல்லது ‘ஐ டிட்ன்ட் ஐதர்’. கூட்டாளிகளுக்குள் பேசும்போது ‘மீ நைதர்’ போதும். (நீதரா, நைதரா என்று இன்னொரு இழை தொடங்க வேண்டாம். இரண்டும் சரியே.)

ஏன் ‘மீ டூ’ வந்து விழுகிறது? நம் ‘உம்’ உடன்பாடா எதிர்மறையா என்று பார்ப்பதே இல்லை. ‘நானும் பார்த்தேன்’, ‘நானும் பார்க்கலை’ இரண்டிலும் அதே உம். அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இல்லை என்பது வினையின் வாலில் கிடக்கும். ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஆங்கிலத்தில் ‘நைதர்’ என்ற ஒரே சொல்லுக்குள் ‘உம்’, ‘இல்லை’ இரண்டுமே அடங்கியிருக்கின்றன. அதனால்தான் அதன் பின்னால் வரும் துணைவினை (இங்கே ‘டிட்’) உடன்பாட்டிலேயே நிற்கிறது. ‘நைதர் டிட்ன்ட் ஐ’ என்றால் இல்லையை இரண்டு தடவை சொன்ன கணக்கு. ‘ஐதர்’ என்பதிலோ இல்லை கிடையாது. ஆகவே ‘டிட்ன்ட்’ தனியாக வந்தே தீர வேண்டும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான். முதல் ஆள் எந்தத் துணைவினையில் இல்லை என்றானோ அதையே இரண்டாம் ஆள் எடுக்க வேண்டும். நைதர் போட்டால் அதைக் கேள்வியில் வருவதுபோல் எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைக்க வேண்டும். மெயின் அருவியில் தண்ணீர் விழவில்லை, ஐந்தருவியிலும் இல்லை என்றால் ‘இஸ்ன்ட்’டுக்கு ‘நைதர் இஸ் ஃபைவ் ஃபால்ஸ்’. ‘ஹாவன்ட்’ என்றால் ‘நைதர் ஹாவ் ஐ’. ‘கான்ட்’ என்றால் ‘நைதர் கான் ஐ’. நைதருக்குப் பதில் ‘நார்’ போட்டாலும் இதே அமைப்புதான்.

இனி மற்ற பரிந்துரைகள்.

> ‘எதிர்மறை உம்மை’ என்றே வைக்கலாமே? புதிதாக ஆக்கவே வேண்டாம், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

தென்காசி நண்பருக்கு: இருக்கிறது என்பதுதான் சிக்கல். உம்மைக்கு, அதாவது ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு, தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் எட்டுப் பொருள்களில் எதிர்மறையும் ஒன்று. ஆனால் அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘சாத்தன் வருதற்கும் உரியன்’. அதாவது வரவும் கூடும், வராமல் போகவும் கூடும். உடன்பாடாகச் சொல்லி எதிர்மறையை ஒளித்து வைப்பது அது. நமக்கு வேண்டியது வேறு: முன்னால் ஒருவன் இல்லை என்றிருக்கிறான், அதைத் தழுவி இவனும் இல்லை என்கிறான். நம் மரபில் அது எச்ச உம்மையின் பக்கம் சேரும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையரை ஆற்றூர்க்காரர், நம்ம தாமிரபரணிக் கரைக்காரர் என்று கொண்டாடுகிற நாமே இந்தப் பேரை வேறு பொருளில் எடுத்துப் போட்டால் நன்றாகவா இருக்கும்?

> ‘எதிர்மறை இயைபு’ எப்படி? இயைபு என்றால் பொருத்தம்.

அழகான சொல். ஆனால் வேறொன்றுக்கு அதை ஒதுக்கி வைக்கச் சொல்வேன். ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்று இரண்டு மறுப்புச் சொல் வந்தும் ஒரே மறுப்பாகப் பொருள்படும் பேச்சு ஆங்கில வட்டார வழக்குகளில் உண்டு. மொழியியலார் அதைத்தான் ஒரு தொடருக்குள் மறுப்புகள் ஒன்றோடொன்று இயைவது என்று பேசுகிறார்கள். கையேட்டில் ‘இப்படி எழுதாதே’ என்று நாம் காட்டப்போவதே அதைத்தான். தவிர்க்க வேண்டியதன் பேரைக் கற்க வேண்டியதற்குச் சூட்டினால் வாத்தியாருக்கே தலை சுற்றும்.

‘இன்மையொப்பு’: வாயில் நிற்கவில்லை. விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: எதிர்மறை வழிமொழிதல்.

பள்ளி மன்றக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், மற்றவர் ‘வழிமொழிகிறேன்’ என்பார். பிள்ளைகள் காதில் விழுந்த சொல். முன்மொழியாமல் வழிமொழிய முடியாது. ‘நைதர் டூ ஐ’ என்றும் யாரும் பேச்சைத் தொடங்க முடியாது. வழிமொழிகிறவர் புதிதாகத் தீர்மானம் எதுவும் கொண்டுவருவதில்லை. இங்கேயும் வினையைத் திருப்பிச் சொல்லாமல் துணைவினையோடு நிறுத்திவிடுகிறோம். ஜோடியும் தானாக அமைகிறது: ‘ஸோ டூ ஐ’க்கு உடன்பாட்டு வழிமொழிதல், ‘நைதர் டூ ஐ’க்கு எதிர்மறை வழிமொழிதல். உடன்பாடு என்ற சொல்லும் அதற்குரிய இடத்தில் நின்றுவிடும்.

விளக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எதிர்மறை என்பது இங்கே தொடரின் அமைப்பைப் பொறுத்தது, மனக்கசப்பைப் பொறுத்ததல்ல. ‘ஐ ஹேட் மேத்ஸ்’ என்பதில் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் தொடர் உடன்பாடு, பதில் ‘ஸோ டூ ஐ’. ‘ஹி இஸ் அன்ஹாப்பி’ என்பதும் அப்படியே. ‘அன்’ அந்தச் சொல்லை மட்டும் மறுக்கிறது, தொடரை மறுக்கவில்லை. மறுபக்கம், ‘நாட்’ கண்ணிலேயே படாத ‘ஷி ஹார்ட்லி ஈட்ஸ்’ எதிர்மறை, அதற்கு ‘நைதர் டஸ் ஹி’. ‘நெவர்’, ‘ஸெல்டம்’ எல்லாம் அந்தக் கூட்டம். நைதர் ஒட்டுகிறதா என்று பார்த்தே ஒரு தொடர் எதிர்மறையா என்று சோதிக்கலாம் என மொழியியலாளர் எட்வர்ட் கிளைமா 1964இல் எழுதினார். பிள்ளைகளுக்கு அவர் பேர் வேண்டாம், சோதனை வேண்டும்.

இதோடு சேர்த்துக் கட்டக்கூடாத ஒன்றும் உண்டு. ‘ஏல, சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடல’ என்போம். ஆங்கிலத்தில் ‘நோ, ஐ ஹாவன்ட்’. நம் ‘ஆமா’ கேட்டவர் சொல்லைப் பார்த்துத் தலையாட்டுகிறது. அவர்கள் ‘நோ’ தனக்குப் பின்னால் வரும் தொடரைப் பார்க்கிறது. எதிர்மறைக் கேள்விக்கென்று ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் தனி விடைச்சொல் இருந்தது: ‘யே’, ‘நே’ நேர்க்கேள்விக்கு, ‘யெஸ்’, ‘நோ’ எதிர்மறைக் கேள்விக்கு. இந்த வேறுபாட்டைக் காக்கவில்லை என்று 1532இல் தாமஸ் மோர், விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலைக் கடிந்துகொண்டார். அப்புறம் அது அழிந்தே போனது. ‘ஆமா’, ‘நோ’ விடை சொல்லும் பாடம், ‘நைதர்’ வழிமொழியும் பாடம். இரண்டையும் ‘எதிர்மறை’ என்ற ஒரே தலைப்பில் போட்டதால்தான் போன பதிப்பில் அந்தப் பக்கம் யாருக்கும் விளங்கவில்லை.

---

மறு: மறு: (அம்பாசமுத்திரம் டீச்சர்)

> என் பரிந்துரை: எதிர்மறை வழிமொழிதல்

காரணம் எல்லாம் சரி சார். ஆனா கரும்பலகையில் எழுதிப் பாருங்க, பாதி வரி போயிரும். வழிமொழிதல்னா மன்றத்தில் கைதூக்குறதுதான் எம்பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும், ‘யாரு முன்மொழிஞ்சா?’ன்னு ஒருத்தன் கேப்பான். வகுப்பில் நான் ‘நானுமில்லை’ன்னுதான் சொல்லிக்கொடுக்கேன். ‘நானுமில்லை போடுல’ன்னா ‘நைதர் டூ ஐ’ வந்துரும். அதையே வைக்கக் கூடாதா?

---

மறு: மறு: மறு:

டீச்சர், ‘யாரு முன்மொழிஞ்சா?’ என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் வந்துவிட்டது. முன்மொழிந்த தொடரைப் பார்த்துத்தானே துணைவினை எடுக்க வேண்டும்.

‘நானுமில்லை’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘நைதர் டஸ் ஷி’, ‘நைதர் டிட் தே’ வரும்போது ‘நான்’ இடிக்கும்; ‘ஸோ டூ ஐ’க்கு ஜோடியும் அமையாது. 1930களில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை நம் நெல்லையில் இருந்துகொண்டு கலைச்சொல் வேலையை முன்னின்று நடத்தினார். அந்த ஊர்க்காரர்கள் நாம், பட்டியலில் ஜோடி பார்க்காமல் விடலாமா? ஆகவே பட்டியலில் ஒன்று, வகுப்பில் ஒன்று. பதிவு இப்படிப் போகட்டும்:

எதிர்மறை வழிமொழிதல் (வகுப்பு வழக்கு: நானுமில்லை) – முன்னவர் எதிர்மறைத் தொடரில் சொன்னது தமக்கோ பிறர்க்கோ பொருந்தும் என, அதே துணைவினையால் சுருக்கிச் சொல்வது. எ-டு: ‘ஐ டிட்ன்ட் ஸீ த தேர்.’ – ‘நைதர் டிட் ஐ.’ / ‘ஐ டிட்ன்ட் ஐதர்.’

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டை அண்ணாச்சி, நீங்கள் வழிமொழிந்தால் மேற்கொண்டு நகரலாம்.