விமர்சகர் நாவல் எழுதும்போது: ஒரு துணையாசிரியரின் அனுபவம்

வார இதழ் ஒன்றில் துணையாசிரியராக இருந்த வருடங்களில் ஒரு சினிமா விமர்சகரின் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. அவர் நாவலாசிரியரும்கூட. விமர்சகராக அவரைத் தெரிந்தவர்கள் ஏராளம். நாவல்களைப் படித்தவர்கள் குறைவு. இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். 'சார்' என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

புதன் அல்லது வியாழன் பத்திரிகையாளர் காட்சி இருக்கும். இருட்டில் தாளைப் பார்க்காமலே சின்னக் குறிப்பேட்டில் கிறுக்குவார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அவரைத் தவிர யாருக்கும் புரியாது. படம் முடிந்ததும் வாசலில் நின்று பேசும் கூட்டத்தோடு சேரமாட்டார். அடுத்தவர் கருத்து காதில் விழுந்துவிட்டால் தன் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடும் என்பார். அன்று இரவே எழுதி முடித்துவிடுவார். பக்கத்தில் 600 வார்த்தைக்கு இடம். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் 450. இடம் போதாவிட்டால் துணையாசிரியர்கள் கடைசிப் பத்தியில்தான் முதலில் கை வைப்போம். அது தெரிந்ததால் முக்கியமானதையெல்லாம் கடைசிப் பத்தியில்தான் வைப்பார். நான் நடுவில் எதை எடுக்கலாம் என்று தேட வேண்டியிருக்கும். ஒரு கட்டுரையின் எலும்பு எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தேடலில்தான் கற்றுக்கொண்டேன்.

நாவலுக்கு அதிகாலை. பலரும் நினைப்பது போல நேரம் அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. எழுதுகிறவனுக்கு எந்த வேலை இருந்தாலும் நேரப் பிரச்சினை இருக்கும். அவருக்கு இருந்த சிக்கல் வேறு. வாராவாரம் தீர்ப்புச் சொல்லிப் பழகிய கை, நாவலிலும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இதை நான் நேரில் பார்த்தது அவருடைய இரண்டாவது நாவலின் கைப்பிரதியில். படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள் என்று கொடுத்தார். ஒரு பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் அவர் எப்படிப்பட்டவர் என்று கதைசொல்லி சொல்லி முடித்திருப்பார். அப்பா, 'தன் தோல்வியை அதிகாரமாக மாற்றிக்கொண்டவர்'. மகள், 'பரிவைக்கூட ஆயுதமாகப் பிடிக்கத் தெரிந்தவள்'. தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல வாக்கியங்கள். விமர்சனத்தில் வந்திருந்தால் நானே அடிக்கோடு போட்டிருப்பேன். ஆனால் அதைப் படித்த பிறகு அந்த அப்பாவைப் பற்றி நானாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. அவர் அடுத்து என்ன செய்தாலும் ஏற்கெனவே சொன்னதற்குச் சாட்சியாகத்தான் நின்றது.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதெல்லாம் வெள்ளிக்கிழமை ஆள் எழுதியது" என்றார். வெள்ளிக்கிழமை ஆள் என்றால் விமர்சகர். தன்னுடைய இன்னொரு பாதியை அப்படித்தான் சொல்வார். பிறகு அவர் செய்த காரியத்தை எழுதுகிற யாருக்கும் தயங்காமல் சொல்வேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, விமர்சனத்தில் அப்படியே தூக்கி வைக்கக்கூடிய வாக்கியங்கள் எவை என்று முழுக் கைப்பிரதியிலும் கோடு போட்டார். எல்லாவற்றையும் நீக்கினார். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போனது. புதிய பிரதியில் அந்த அப்பா, வீட்டில் யார் விளக்கைப் போட்டாலும் எழுந்துபோய் அணைக்கிறார். அவ்வளவுதான். தோல்வி, அதிகாரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இரண்டாவது முறை அவர் விளக்கை அணைத்தபோது எனக்கு அவர்மேல் பயமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

விமர்சன வேலை நாவலைக் கெடுக்க மட்டுமே செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறையில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதில் அவருக்குக் குழப்பமே வராது. ஒரு காட்சிக்குள் தாமதமாக நுழைந்து சீக்கிரம் வெளியேறிவிடுவார். படிக்கிறவர் எந்த இடத்தில் நெளிவார் என்பது முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அரங்கில் தானே நெளிந்த அனுபவம் அவ்வளவு இருக்கிறது. ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

தனக்கு முன்னால் இந்த இரட்டை வேலையைச் செய்தவர்களைப் பற்றி அவர் நிறையப் பேசுவார். ஏதாவது ஒரு வரியை வழக்கறிஞரிடம் காட்டிவிடலாமா என்று நான் கேட்டால் உடனே ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் பேச்சில் வந்துவிடுவார். கிரீன் 1935 முதல் 1940 வரை லண்டனில் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் சினிமா விமர்சகர். 400-க்கும் மேற்பட்ட படங்களைப் பற்றி எழுதினார். அதே காலத்தில்தான் அவருடைய முக்கியமான நாவல்களும் வந்தன. 1937-இல் 'நைட் அண்ட் டே' என்ற இதழில் ஷெர்லி டெம்பிள் நடித்த படம் ஒன்றைப் பற்றி அவர் எழுதியது அவதூறு வழக்கானது. 1938-இல் 3,500 பவுண்ட் நஷ்டஈடு. அதில் கிரீனின் பங்கு 500. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவர் மெக்சிகோவில் இருந்தார். அந்தப் பயணத்திலிருந்துதான் 1940-இல் வந்த, ஓடி ஒளியும் பாதிரியாரைப் பற்றிய நாவல் பிறந்தது. இதைச் சொல்லிவிட்டு, சரி, வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள் என்பார்.

ஜேம்ஸ் ஏஜி பேச்சில் வந்தால் நிதானமாகிவிடுவார். 1940-களில் அமெரிக்காவில் 'டைம்', 'நேஷன்' இதழ்கள் இரண்டிலும் சினிமா விமர்சனம் எழுதியவர் ஏஜி. கவிஞர் ஆடன் 1944-இல் 'நேஷன்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தனக்குச் சினிமாவில் பெரிய ஈடுபாடு இல்லை, படம் பார்ப்பதே அரிது, ஆனாலும் ஏஜியின் பத்தியைத் தேடிப் படிக்கிறேன் என்று. படம் பார்க்காதவரும் படிக்கும்படி எழுத வேண்டும் என்பதைச் சார் அந்தக் கடிதத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஏஜி 1955-இல், 45 வயதில், நியூயார்க்கில் ஒரு டாக்சிக்குள் மாரடைப்பில் இறந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாவல் முடிந்திருக்கவில்லை. நண்பர்கள் தொகுத்து 1957-இல் வெளியிட்டார்கள். மறுவருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடுத்த வாரப் படம், அதற்கடுத்த வாரப் படம் என்று ஓடிக்கொண்டே இருந்து நாவலைப் பாதியில் விட்டுவிடுவோமோ என்ற பயம் சாருக்கு உண்டு. அதை அவர் மறைத்ததில்லை.

'வெள்ளிக்கிழமை ஆள்' என்ற எண்ணத்துக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார். கியூபாவின் எழுத்தாளர் கில்லெர்மோ கப்ரேரா இன்ஃபாண்டே. 1952-இல் ஒரு சிறுகதைக்காகக் கைதானார். சொந்தப் பெயரில் எழுதத் தடை வந்தது. அதனால் 'கார்தெலெஸ்' இதழில் 'ஜி. காயின்' என்ற பெயரில் சினிமா விமர்சனம் எழுதினார். 1963-இல் அந்த விமர்சனங்களைத் தொகுத்தபோது காயினை ஒரு கதாபாத்திரமாக்கி, அவரைப் பற்றி முன்னுரையும் முடிவுரையும் எழுதி, ஆளையே முடித்துவைத்தார். 1967-இல் பெரிய நாவல் வந்தது, 1997-இல் ஸ்பானிய மொழி இலக்கியத்தின் உயரிய விருதான செர்வாண்டெஸ் பரிசு. தீர்ப்புச் சொல்லும் குரலை வெளியே நிறுத்தி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அது நாவலுக்குள் திருட்டுத்தனமாக நுழையாது என்று சார் நம்பினார். நானும் நம்புகிறேன்.

அடுத்தது உறவுகள். இது விமர்சகர்களுக்கு வரும் சங்கடம்தான், ஆனால் நாவலும் எழுதினால் இரட்டிப்பாகும். அவருடைய முதல் நாவலைப் படமாக்கலாமா என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டார். அன்றே ஆசிரியரிடம் போய், இனி இந்த நிறுவனத்தின் படங்களை நான் எழுதமாட்டேன், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை எங்கும் போகவில்லை, படமும் வரவில்லை. ஆனாலும் ஒதுங்கியவர் ஒதுங்கியவர்தான். நம் கல்கியின் காலத்தில் இந்தக் கோடுகள் இவ்வளவு இறுக்கமாக இல்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் கூர்மையான விமர்சனங்கள் எழுதியவரின் தொடர்கதையே 1939-இல் 'தியாகபூமி' படமானது. கதையோடு படத்தின் காட்சிகளும் விகடனில் அச்சாயின. இப்போது ஒரு விமர்சகர் அப்படிச் செய்தால் அவர் அடுத்து எழுதும் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். சார் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

அவர் கடுமையாக எழுதிய ஒரு படத்தின் இயக்குநர் நாவல் வெளியீட்டுக்கு வந்திருந்தார். பின்வரிசையில் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாவலைப் படித்திருந்தார், ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் சாரிடம் போய், "நாற்பதாம் பக்கத்தில் அந்தப் பெண்ணை அழவிட்டிருக்க வேண்டாம். அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். அவருடைய படத்தைப் பற்றிச் சார் சொன்ன குறையும் அதேதான். பழிவாங்க வந்தவர் பேச்சாகத் தெரியவில்லை; உண்மையிலேயே அந்தப் பக்கத்தைப் பற்றி யோசித்திருந்தார். சார் அவரை உட்காரவைத்து நீண்ட நேரம் பேசினார். இரண்டாம் பதிப்பில் அந்த அழுகை இல்லை.

வாசகர்கள் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். நாவல் பற்றிய கூட்டத்திலும் போன வாரப் படம் எப்படி என்றுதான் கேட்பார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். எனக்குத்தான் தாங்காது. ஒரு மனிதர் வருடக்கணக்கில் எழுதிய புத்தகம் மேசையில் இருக்கிறது, கேள்வி இன்னொருவர் எடுத்த படத்தைப் பற்றி.

பிறகு நட்சத்திர மதிப்பெண் வந்தது. நிர்வாகம் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று கேட்டது. முதலில் மறுத்தார், பிறகு கொடுத்தார். வந்த கடிதங்கள் எல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியே இருந்தன, 600 வார்த்தைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் விமர்சகரும் நாவலாசிரியருமான பெனலோப் கில்லியட்டின் ஏற்பாட்டைப் பற்றிப் படித்தேன். 1968-இலிருந்து 'நியூயார்க்கர்' இதழில் அவரும் இன்னொரு விமர்சகரான பாலின் கேலும் ஆளுக்கு ஆறு மாதம் என்று சினிமா பத்தியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மீதி நேரத்தில் கில்லியட் கதைகளும் நாவல்களும் எழுதினார், அவர் திரைக்கதை எழுதி 1971-இல் வந்த படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். இதை எங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். ஆறு மாதம் முடியாது, மூன்று மாதம் தருகிறேன் என்றார். அந்த மூன்று மாதத்தில் சார் எழுதிய பக்கங்களில் வெள்ளிக்கிழமை ஆள் ஒரு இடத்திலும் தலைகாட்டவில்லை. சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இருக்கவில்லை.

திரும்பி வந்தவர் அதிக நாள் வாரப் பத்தியில் இருக்கவில்லை. இப்போது மாதம் ஒரு நீண்ட கட்டுரை, பெரும்பாலும் பழைய படங்களைப் பற்றி. வருமானம் குறைந்தது உண்மை. மாதச் சம்பளம்போல வந்துகொண்டிருந்தது நின்றுபோனதை ஈடுகட்ட மொழிபெயர்ப்பு வேலைகள் எடுக்கிறார். மூன்றாவது நாவலின் கைப்பிரதியும் என்னிடம்தான் வந்தது.

பத்திரிகை மேசையில் வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் இடத்தில் யாருக்காவது இப்படிப் பத்தியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு கிடைத்திருக்கிறதா? எப்படிக் கேட்டீர்கள், நிர்வாகம் எதற்கு ஒப்புக்கொண்டது என்று விவரமாக எழுதுங்கள். இப்போது என் பொறுப்பில் இருக்கும் பக்கத்தில் எழுதும் ஒருவர் தன் முதல் நாவலைத் தொடங்கியிருக்கிறார்.