புதிதாகச் சிட்னிக்கு வந்திருக்கும் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு: வீட்டில் நம் பேச்சையே பேசுங்கள்

வாடகை வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைப் பற்றி முன்னர் எழுதியவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டதால், சிறு குழந்தைகளோடு வந்திருப்பவர்களுக்காக வீட்டுமொழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு நான்கு வயதானபோது, மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர், ஆங்கிலம் விரைவில் பிடிபட வேண்டுமானால் வீட்டிலும் அதையே பேசுங்கள் என்று அன்போடுதான் சொன்னார். நாங்களும் அப்படியே செய்தோம். ஆறேழு மாதங்கள் கழித்துக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அழைத்த அமுச்சி (தாய்வழிப் பாட்டி), “சோறு உண்டாச்சா அம்மிணி?” என்று கேட்டபோது, குழந்தை கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். காது கேட்கவில்லை போலும் என்று எண்ணிய அமுச்சி, அதையே இன்னும் உரக்கக் கேட்டார். அன்றிரவே வீட்டில் ஆங்கிலத்தை நிறுத்தினோம். ஆங்கிலத்தைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் எப்படியும் கற்றுக்கொடுத்துவிடும். அமுச்சியின் கேள்விக்கு விடை சொல்லக் கற்றுக்கொடுக்க இந்த ஊரில் நம்மை விட்டால் வேறு ஆளில்லை.

நம்மவர்களில் பலர், கொங்குத் தமிழ் கொச்சை என்று கூசிப் பிள்ளைகளிடம் பாடநூல் தமிழைப் பேச முயல்கிறார்கள். அது வாயில் நிற்காமல், சில வாரங்களிலேயே ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒறம்பரை (உறவினர்), நோம்பி (பண்டிகை), கட்டுத்தாரை (மாடு கட்டும் இடம்) என்று உங்களுக்கு இயல்பாக வருவதையே பேசுங்கள். எழுத்தாளர் பெருமாள்முருகன் அகராதியாகவே தொகுத்து வைத்திருக்கும் அளவுக்குச் சொல்வளம் உள்ள வழக்கு அது.

வீட்டுப் பேச்சே ஒரு மொழியைக் காத்துவிடும் என்பதற்குச் சான்று ஊரிலேயே இருக்கிறது. கோவை, ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. எங்கள் தெருவில் தறி நெய்த குடும்பத்தார் படித்தது முழுவதும் தமிழில்தான். கன்னடத்தில் ஓர் எழுத்துகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தறிக்குழியிலும் அடுப்படியிலும் பேசிப் பேசியே தலைமுறை தலைமுறையாக அந்த மொழியைக் காத்து வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுமொழி அப்படிப்பட்டதாயின், தமிழுக்காக அதைக் கைவிட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு இரண்டுமே வரும்.

எழுதப் படிக்க வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கும் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதால், உழைப்பு வீணாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பேச்சு இல்லாத குழந்தைக்கு, வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் வகுப்பு போதாது.

ஊருக்கு அழைப்பதற்கு ஞாயிறு பிற்பகல் ஏற்றது. இங்கே மணி இரண்டு என்றால், பருவத்துக்கேற்ப அங்கே எட்டரையோ ஒன்பதரையோ இருக்கும். நலம் விசாரித்ததும் வைத்துவிடாமல், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எதை முதலில் தாளிப்பது என்று குழந்தையையே கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்விக்கு விடை வர அரை மணி நேரம் ஆனது. இடையிடையே அமுச்சி அவளிடம் பதினைந்து கேள்விகளாவது கேட்டிருப்பார்.