இரைகிற குதிரைக்குத் தொண்டை அறுவை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அந்தியூர்க்காரன்
குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறவர்களுக்கு இரைச்சல் என்றால், அதாவது ஓடும் குதிரை மூச்சை இழுக்கும்போது தொண்டையில் எழும் சத்தம் என்றால், விளக்க வேண்டியதில்லை. என் மாமாவின் பெரிய குதிரை, பந்தய மைதானத்திலிருந்து கழித்துவிடப்பட்ட தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற உயர்ந்த இனம். குரல்வளையில் மூச்சுவழியைத் திறந்து மூடும் இடப்பக்கக் குருத்தெலும்பு அசையவில்லை என்று, அது திறந்தே நிற்க வெளியூரில் தையல் போட்டு இழுத்துக் கட்டினார்கள். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நான் எழுத வந்தது அதற்காக அல்ல. ஒரு சாயங்காலம் தண்ணீர் வைத்தோம். இரண்டு மடக்கு குடித்து நிமிர்ந்தது. இரண்டு மூக்குத் துளையிலிருந்தும் தண்ணீர், கூடவே மென்ற பச்சைப் புல். பிறகு விடாத இருமல். "இதற்கா மாப்பிள்ளை இத்தனை காசு கொடுத்தோம்?" என்றார் மாமா. தண்ணீர் வைக்கிற நேரம் வந்தால் இப்போதெல்லாம் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். வேறு யாரும் இப்படிப் பார்த்ததுண்டா?

கோபி வாசகன்
இழுத்துக் கட்டியதே தவறு தம்பி. குரல்நாணையும் பக்கத்துப் பையையும் எடுத்துவிட்டாலே போதும். பையை எடுக்கிற முறையை ஃபிரெடரிக் ஹாப்டே என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே பரப்பினார். எங்கள் ஊரில் ஒரு குதிரைக்குச் செய்தார்கள், அதன் பிறகு சத்தமே இல்லை.

ஊட்டி லாயத்தான்
கோபி அண்ணா, சத்தம் நிற்பது வேறு, காற்று தடையில்லாமல் உள்ளே போவது வேறு. முழு வேகத்தில் ஓடும்போது செயலிழந்த குருத்தெலும்பு உள்ளே உறிஞ்சப்படும்; நாணை மட்டும் எடுத்தால் அது நிற்காது. அதனால்தான் கதவைத் திறந்து கொக்கி மாட்டுவதுபோல் இழுத்துக் கட்டுகிறார்கள். கொக்கி மாட்டிய கதவு விழுங்கும்போதும் முழுதாகச் சாத்தாது. தம்பி பார்த்தது அதைத்தான்.

என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு பந்தயத்தில் கடைசி வளைவில் முன்னால் வந்த இளங்குதிரை திடீரென்று பிரேக் பிடித்தது போலத் தளர்ந்தது. மூச்சை விடும்போது தொண்டையில் கொப்பளிக்கும் சத்தம். ஒருமுறை விழுங்கியது, உடனே மறுபடி பாய்ந்தது, அதற்குள் எல்லாரும் தாண்டிவிட்டார்கள். நிற்க வைத்து மூக்கு வழியாகக் கேமரா விட்டால் எல்லாம் சரியாக இருந்தது. இதற்கும் இழுத்துக் கட்டத்தான் வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்! ஓடும்போதே பார்க்கும் கேமராவை மாட்டிய பிறகுதான் மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மென்சதை, மேலேறி வழியை மறிப்பது தெரிந்தது. குதிரைக்கு வாயால் மூச்சுவிட முடியாது, பாவம். இழுக்கும்போது இரைகிறதா, விடும்போது கொப்பளிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்காமல் யாரும் கத்தியை எடுக்க விடாதீர்கள்.

பவானிப் பெரியவர்
என் அனுபவம் சின்னது. எங்கள் அப்பாரு வைத்திருந்த குதிரை இரைந்தது, சந்தையில் விற்றுவிட்டார். ஆனால் சில விஷயங்கள் சொல்கிறேன். தீனியையும் தண்ணீரையும் தரையில் வையுங்கள், தலை தாழ்ந்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது குறையும். காய்ந்த புல்லை நனைத்துப் போடுங்கள். லாயத்தில் தூசு கூடாது, குதிரை உள்ளே இருக்கும்போது கூட்டாதீர்கள். இருமலோடு காய்ச்சல் வந்தால் நுரையீரலில் தீனி இறங்கியிருக்கலாம், காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, அடுத்த முறை நாட்டுக்குதிரை வாங்குங்கள். உயரமான குதிரைக்குத்தான் இந்த நோய் அதிகம், மட்டக்குதிரைக்கு அபூர்வம். குரல்வளையை அசைக்கிற இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியைச் சுற்றித் திரும்பி வருகிறது, அத்தனை நீளம். கழுத்து நீண்ட குதிரையை வாங்கிவிட்டு நரம்பைக் குறை சொல்லக் கூடாது.

அந்தியூர்க்காரன்
ஐயா, வாளி தரையில்தான் இருந்தது. குதிரை வாங்க யோசனையும் கேட்கவில்லை.

ஊட்டி அண்ணா, எங்களுடையது இழுக்கும்போதுதான் இரைந்தது, கேமராவிலும் இடப்பக்கம் தொங்கியதைப் பார்த்தோம். தையலை எடுத்துவிட்டால் தண்ணீர் மூக்கில் வருவது நிற்கலாம், ஆனால் மறுபடி இரையும் என்கிறார் மருத்துவர். இரைந்தால் இரையட்டும், நிம்மதியாகத் தண்ணீராவது குடிக்கட்டும் என்கிறார் மாமா. பந்தயத்துக்குப் பணம் போட்ட பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தை கூடுவதற்குள் ஏதாவது ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். தையலை எடுத்த குதிரை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.