வளரும் நகரங்களில் இயற்கையின் சேவைகள்: அழகுபடுத்தலிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி:
வெள்ளத்தையும் வெப்பத்தையும் சமாளிக்க, விரிவடையும் நகரங்கள் சூழல்மண்டலச் சேவைகளை, அதாவது மண், நீர்நிலை, மரம் போன்றவை இயல்பாகவே தரும் பயன்களை, நாட வேண்டும் என்று திட்ட அறிக்கைகள் கூறுகின்றன. ஆனால் அத்திட்டங்கள் பெரும்பாலும் சாலையோரச் செடிகளாகவும் கல் பதித்த ஏரிக்கரைகளாகவுமே முடிந்துவிடுகின்றன. உண்மையில் பயன் தரும் பணியை எப்படி அடையாளம் காண்பது? நிலமும் நிதியும் குறைந்த நகரம் எதை முதலில் செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
பெருமழையின்போது அந்த இடத்தில் தண்ணீர் என்ன ஆகிறது என்று பாருங்கள், வேறுபாடு விளங்கிவிடும். சிங்கப்பூரின் பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி, காலாங் ஆறு சுமார் 2.7 கிலோமீட்டர் தூரம் நேரான கான்கிரீட் கால்வாயாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட்டை அகற்றி, பூங்காவுக்குள் ஆற்றை வளைந்தோடச் செய்து, 2012-இல் திறந்தார்கள். மழையற்ற நாளில் மக்கள் அமரும் புல்சரிவு, கனமழையில் வெள்ளச் சமவெளியாக மாறுகிறது. நீர் பரவி, வேகம் குறைந்து செல்கிறது. கரை மண்ணைச் செடிகளின் வேர்களும் கற்களும் சேர்ந்து பிடித்து நிறுத்துகின்றன. சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து 2005-இல் மீட்ட சொங்கியேச்சொன் ஓடை சுற்றுப்புறத்தைக் குளிர்வித்தது உண்மைதான். எனினும் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவதால், அதைப் பாதி இயற்கை என்றே சொல்வேன்.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் இழந்ததை மீட்பதற்கு முன், இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதைக் காப்பதே மலிவான வழி. கிழக்குக் கொல்கத்தாவில் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலம் 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியாக அங்குள்ள ஆழமற்ற மீன்பண்ணைக் குளங்களை அடைகிறது. ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் நீரினுள் நன்றாக இறங்குகிறது. பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்க, அதில் பாசி வளர, பாசியை மீன்கள் உண்ண, தெளிந்த நீர் வயல்களுக்குப் போகிறது. குளத்தில் கழிவுநீரை எந்த அளவு விடுவது, எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்பதை அறிந்தவர்கள் அங்குள்ள மீனவர்களே. அவர்களை வெளியேற்றிவிட்டு நிலத்துக்கு மட்டும் வேலி போட்டால் அந்தச் சேவை நின்றுவிடும். நகர எல்லைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பாதுகாக்க 1997-இல் உடன்பாடு செய்துகொண்டதால், அங்கிருந்து வரும் குடிநீருக்குப் பல நூறு கோடி டாலர் செலவாகும் வடிகட்டும் ஆலையை நியூயார்க் நகரம் தவிர்க்க முடிந்தது.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கையும் தேவை. மழைநீரை மண்ணில் இறக்கும் ‘பஞ்சு நகர’த் திட்டத்தில் பெரும் பணம் செலவிட்ட சீனாவின் செங்சோவில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டி, சுரங்க ரயில் பாதையிலும் வெள்ளம் புகுந்தது. மண்ணுக்கும் குளத்துக்கும் கொள்ளளவு உண்டு. அதற்கு மேல் வரும் நீருக்கு வடிகாலும் முன்னெச்சரிக்கையும் வேண்டும். மரங்களும் அப்படித்தான்: நாற்புறமும் கான்கிரீட் சூழ்ந்த குழியில் வேரோட மண்ணும் நீரும் கிடைக்காத மரத்திடம் பெரிய நிழலை எதிர்பார்க்க இயலாது. ஆகவே நிதி குறைவென்றால், மிஞ்சியிருக்கும் நீர்நிலைகளின் வரத்துக் கால்வாய்களை அளந்து அடைப்புகளை நீக்குவதற்கே முதல் தொகையை ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பு எந்தத் துறையுடையது என்பதையும் அப்போதே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.