பொதுவகத்தில் ஏற்றிய படத்துக்கு நீக்கல் அறிவிப்பு வந்திருக்கு, அவசரம்

கூத்துமேடை:
வணக்கம். ஒரு தெருக்கூத்துக் கலைஞரைப் பத்தித் தமிழ் விக்கிப்பீடியாவுல கட்டுரை எழுதிட்டு இருக்கேன். கட்டுரை ஓரத்துல வர்ற தகவற்பெட்டிக்காக, விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேர்த்து வைக்கிற பொதுவகத்துல (காமன்ஸ்) ஒரு படம் ஏத்தினேன். இப்ப படப் பக்கத்துல 'அனுமதி இல்லை, ஏழு நாளில் நீக்கப்படலாம்'னு பெட்டி வந்து நிக்குது. குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். வேற பேர்ல மறுபடி ஏத்திடலாமா? ஞாயிறு அவரோட நினைவு நாள், அதுக்குள்ள கட்டுரை படத்தோட வெளிய வரணும்.

நத்தைவேகம்:
தயவுசெய்து மறுபடி ஏற்றாதீர்கள். பெயர் மாற்றினாலும் அதே கோப்பு என்று மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தால் கணக்கையே தடுப்பார்கள். சில விவரம் வேண்டும்: படம் எடுத்தது யார்? எந்த ஆண்டு? ஏற்றும்போது 'சொந்தப் படைப்பு' என்று கொடுத்தீர்களா? அனுமதி எழுத்தில் இருக்கிறதா, வாய்ச்சொல்லா?

உப்பளம்:
கறுப்பு வெள்ளைப் படமா? அப்படியென்றால் கவலையே வேண்டாம். இந்தியாவில் ஒளிப்படம் வெளியாகி 60 ஆண்டு ஆனால் பொது உரிமை, யாரும் பயன்படுத்தலாம். உரிமத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்.

முதுவேம்பு:
பதிவேற்றப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திவிட்டு உதவி கேட்க இந்த ஆலமரத்தடிப் பக்கத்துக்கு ஓடி வருவது வழக்கமாகிவிட்டது. உதவிப் பக்கம் தமிழிலேயே இருக்கிறது தம்பி, ஒருமுறை படித்தால் தேய்ந்துவிடாது.
உப்பளத்துக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு 2012 திருத்தத்திலேயே போய்விட்டது. இப்போது ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும்தான். பத்தாண்டுக்கு மேலாகிறது, இன்னும் பழைய கணக்கைச் சொன்னால் எப்படி?

உப்பளம்:
1958க்கு முன் எடுத்த படத்துக்குப் பழைய சட்டப்படி எடுத்ததிலிருந்து 50 ஆண்டுதான். பொதுவகத்தில் அதற்குத் தனி வார்ப்புருவே (படப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்புப் பெட்டி) உண்டு. அந்த நினைப்பில் சொன்னேன்.

நத்தைவேகம்:
அதிலும் அமெரிக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1996 சனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த படத்துக்கு அமெரிக்காவில் உரிமை திரும்ப முளைத்திருக்கும். பொதுவகம் இரண்டு நாட்டையும் பார்க்கும். எல்லாவற்றுக்கும் முதலில் ஆண்டு தெரியணும்.

கூத்துமேடை:
1975 வாக்குல எடுத்ததாம். பையன்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன், 'தாராளமா போட்டுக்கங்க சார்'னு அனுப்பினார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஏத்தவா? சொந்தப் படைப்புன்னுதான் கொடுத்தேன், வேற எதைக் கொடுக்கறதுன்னு புரியல.

கண்ணாடிச்சில்லு:
கோப்பை முழு அளவில் திறந்து பார்த்தேன். வலது மேல் மூலையில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது, இடது ஓரத்தில் மாலையின் நிழல். சுவரில் மாட்டிய சட்டத்தைக் கண்ணாடியோடு செல்பேசியில் பிடித்திருக்கிறார்கள். கீழே ஸ்டுடியோவின் புடைப்பு முத்திரை பாதி தெரிகிறது. கோப்போடு வரும் மீத்தரவு அட்டவணையில் எஃப்.பி.எம்.டி. என்று தொடங்கும் நீளமான எழுத்துச் சரம் வேறு. ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய படங்களில் வருவது அது. புதிய படங்களைச் சுற்றுக்காவல் பார்ப்பவர்கள், சொந்தப் படைப்பு இல்லை என்பதற்கு அடையாளமாக முதலில் தேடுவதும் அதைத்தான்.

கூத்துமேடை:
ஆமா, பையனோட முகநூல் பக்கத்துல இருந்துதான் இறக்கினேன். அது முக்கியமா?

முதுவேம்பு:
முக்கியமா என்று கேட்கிறார்!

புங்கைநிழல்:
கோபம் வேண்டாம் ஐயா, புதியவர். கூத்துமேடை, படத்தைத் திரும்பப் படம் பிடித்தால் அது நம் படைப்பு ஆகாது. உரிமை மூலப் படத்தில்தான் நிற்கும். ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமான இடம் ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கலைஞர் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டார் என்றால் உரிமை அவருடையது, இப்போது வாரிசுகளுடையது. நாடகக் குழுவோ பத்திரிகையோ எடுக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. அதை மகனிடம் கேளுங்கள். உடன்பிறந்தோர் இருந்தால் அவர்கள் சம்மதமும் அனுமதி மடலில் வரட்டும்.

நத்தைவேகம்:
அப்படியானால் செய்ய வேண்டியது இது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி ஸ்கேனரில் வையுங்கள், 600 டிபிஐ. பின்பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இருக்கிற கோப்பின் மேலேயே 'புதிய பதிப்பு' என்று ஏற்றுங்கள். படைப்பாளி இடத்தில் ஸ்டுடியோ பெயர், மூலம் இடத்தில் 'குடும்பச் சேகரிப்பு'.
அனுமதி மடலை மகன்தான் தன் மின்னஞ்சல் முகவரியிலிருந்து பொதுவகத்தின் அனுமதிக் குழுவுக்கு நேராக அனுப்பணும். நீங்கள் வாங்கி முன்னனுப்பினால் ஏற்க மாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. மடலில் கோப்பின் முழு இணைப்பு, அவர் எந்த வகையில் உரிமையாளர், உரிமத்தின் பெயர் பதிப்பெண்ணோடு (கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் ஷேர்அலைக் 4.0), தேதி, முழுப்பெயர். 'விக்கிப்பீடியாவில் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று எழுதினால் திரும்பி வரும். யாரும், வணிகத்துக்கும், மாற்றியும் பயன்படுத்தலாம் என்ற வரி கட்டாயம். இங்கேதான் பல குடும்பங்கள் பின்வாங்கும், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். பொதுவகத்தில் இருக்கும் அனுமதி வாசக உருவாக்கியில் நிரப்பினால் ஆங்கில வாசகம் வரும், தமிழ் மடலுக்குக் கீழே அதையும் ஒட்டச் சொல்லுங்கள்.
மடல் போன பிறகு படப் பக்கத்தில் பெர்மிஷன் பெண்டிங் வார்ப்புருவை (அனுமதிக்குக் காத்திருக்கிறது என்ற அறிவிப்பு, ஆங்கில எழுத்தில்) போடுங்கள். 30 நாள் கிடைக்கும். மடலுக்கான டிக்கெட் எண் (பதிவு எண்) வந்ததும் 'உறுதியானது' வார்ப்புருவை நீங்களே ஒட்டாதீர்கள், அது அனுமதிக் குழுவின் வேலை. இடையில் நீக்கினாலும் படம் அழியாது, மறைத்து வைப்பார்கள், அனுமதி சரியானதும் மீட்பார்கள்.

வரப்புமேடு:
ஞாயிற்றுக்குள் இதெல்லாம் ஆகாது. அவர் காலமானவர், யாரும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற படம் வேறு இல்லை. பொதுவகத்தில் இல்லாமல் தமிழ் விக்கியிலேயே உள்ளகமாக நியாயப் பயன்பாட்டில் (உரிமை பிறருடையது என்றாலும் கட்டுரைக்குத் தேவை என்று காரணம் காட்டி) ஏற்றலாம். நீளப் பக்கம் 300, 400 பிக்சல் போதும், பெரிதாக ஏற்றாதீர்கள். பயன்பாட்டுக் காரணத்தை நிரப்பணும். பொதுவகம் நியாயப் பயன்பாட்டை அறவே ஏற்காது, இங்கே மட்டும்தான். உயிரோடிருப்பவர் என்றால் இங்கேயும் முடியாது.

உப்பளம்:
காப்புரிமைச் சட்டத்தில் இவ்வளவு இருக்கிறதா!

முதுவேம்பு:
காப்புரிமை என்பது பேட்டன்ட். இது பதிப்புரிமை. இதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

உப்பளம்:
நாளிதழ் எல்லாம் இரண்டுக்கும் காப்புரிமை என்றுதானே எழுதுகிறது.

தாழையடி:
எங்கட இலங்கைப் பக்கம் காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமைதான். சட்டத்தின்ர பேரே புலமைச் சொத்துச் சட்டம். ஆனா ஒளிப்படத்துக்குப் 'பதிப்பு' எண்டு சொல்லுறதும் இடிக்குதுதான், அச்சடிச்ச பொருள் இல்லையே.

முதுவேம்பு:
சொல்லின் பொருள் வழக்கில் விரியும். கலைக்களஞ்சியத்தில் ஒரே பொருளுக்கு ஒரே சொல் வேண்டும்.

உப்பளம்:
அப்படியென்றால் நம் உரிம வார்ப்புருக்களிலேயே இரண்டும் கலந்து கிடக்கிறதே. அதை யார் திருத்துவது?

புங்கைநிழல்:
அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே படம் போய்க்கொண்டிருக்கிறது.

கூத்துமேடை:
பணம் கொடுத்து எடுத்ததுதானாம், படத்துக்குப் பின்னாடி 1974ன்னு முத்திரை இருக்கு. பையனும் அவர் தங்கையும் பேர் போட்டு மடல் அனுப்பிட்டாங்க, டிக்கெட் எண் வந்துடுச்சு. சின்னப் படம் உள்ளகத்துல ஏத்திட்டேன். நன்றி.

வரப்புமேடு:
பார்த்தேன். கட்டுரை இன்னும் உங்கள் மணல்தொட்டியில்தான் (பயனர் வெளியில் உள்ள வரைவுப் பக்கம்) இருக்கிறது. நியாயப் பயன்பாட்டுப் படம் கட்டுரைவெளியில் மட்டும்தான் நிற்கலாம், பயனர் வெளியில் இருந்தால் தானியங்கி கழற்றிவிடும், பிறகு எந்தக் கட்டுரையிலும் இல்லாத அனாதைக் கோப்பு என்று நீக்குவார்கள். முதலில் கட்டுரையை நகர்த்துங்கள், பிறகு படத்தைச் சேருங்கள். பொதுவகப் படம் உறுதியானதும் உள்ளகப் படத்துக்கு நீக்கல் கோரிக்கை வையுங்கள்.

நத்தைவேகம்:
@கூத்துமேடை பார்த்தீர்களா? பெர்மிஷன் பெண்டிங் வார்ப்புருவும் இன்னும் போடவில்லை. ஏழு நாளில் இன்று ஐந்தாவது நாள்.

உப்பளம்:
நான் போட்டுவிட்டேன். டிக்கெட் எண்ணை மட்டும் அவர் வந்து சேர்க்கட்டும்.