கிரவுண்ட் ஸ்டேஷனுக்கு என்ன போடுறது? வியாழக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது

மன்னார்குடி, பாலிடெக்னிக் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ட்ரோன் பயிற்சிக்கு சின்னதா ஒரு கையேடு போடுறோம், வியாழக்கிழமை காலையில பிரஸ்காரர் கையில குடுத்தாகணும். மேல பறக்குற கேமரா அனுப்புற வீடியோவ கீழ ஒரு ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் வாங்கி ஸ்கிரீன்ல காட்டுது இல்லையா, அந்த மொத்த செட்டப்புக்குத்தான் கிரவுண்ட் ஸ்டேஷன்னு சொல்றோம். இப்போதைக்கு "தரைக்கட்டுப்பாட்டு நிலையம்"னு அடிச்சு வச்சிருக்கேன், பக்கத்துக்குப் பக்கம் வந்து வரிய முழுங்குது. படிக்கப்போறது டிப்ளமோ பசங்க, சொன்னா வாயில நுழையணும், அர்த்தமும் புரியணும். அதோட லேட்டன்சி (படம் வந்து சேர ஆகுற நேரம்), வைஃபை அடாப்டரோட மானிட்டர் மோடு ரெண்டுக்கும் சொல் இருந்தா சொல்லுங்க.

திருத்துறைப்பூண்டி, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுறவர்:

டீச்சர் நாங்க பொட்டின்னுதான் சொல்றோம். "பொட்டிய வரப்புல வைடா"ன்னா பையன் சரியா அதத்தான் எடுத்துட்டு வர்றான்.

மாயவரம், சாஃப்ட்வேர் வேலை:

அக்கா, முதல்ல "கட்டுப்பாடு"ங்கிறத வெட்டுங்க, அது பொருளே தப்பு. நம்ம செட்டப்புல ட்ரோன ஓட்டுறது கையில இருக்குற ரிமோட், அது தனி ரேடியோ. ராஸ்பெர்ரி பை செய்யுற வேலை வீடியோவ வாங்குறது மட்டும்தான், கூட டெலிமெட்ரிய, அதாவது உயரம், பேட்டரி மாதிரி ட்ரோன் அனுப்புற தகவல்கள, 14550 போர்ட்ல கியூகிரவுண்ட்கண்ட்ரோல்ங்கிற ஸ்கிரீன்ல காட்டுற சாஃப்ட்வேருக்கு தள்ளிவிடுது, அவ்ளோதான். ஆர்டிஎல்8812ஏயூ சிப் போட்ட ரெண்டு வைஃபை அடாப்டர் குத்தியிருக்கோம், ரெண்டும் மானிட்டர் மோடுல நிக்குது, அதாவது வீட்டு வைஃபை மாதிரி கைகுலுக்கி இணைப்பு போடுறது கிடையாது, மேல இருந்து கத்துறத கீழ கேட்டுக்கிறது, "வந்துச்சு"ன்னு பதில்கூட போகாது. அதனாலதான் வீடியோ அனுப்புற டபிள்யூஎஃப்பி-என்ஜி சாஃப்ட்வேர்ல 8 பாக்கெட்டுக்கு 4 உபரி சேத்து 12ஆ அனுப்புறான், 12ல எந்த 8 வந்தாலும் படம் கூடிரும். தூரம் போகப்போக பட்டுனு அறுந்துபோகாம கட்டம் கட்டமா உடைஞ்சு அப்புறம்தான் போகும், ஓட்டுறவனுக்கு திரும்பி வர்றதுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்குது. ஆக இது கேக்குற இடம், ஆள்ற இடம் இல்ல. பேர் அதுக்குத் தகுந்த மாதிரி வைங்க.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள டீச்சருக்கு. புறநானூறு 27ல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடும்போது "வலவன் ஏவா வான ஊர்தி" என்கிறார். ட்ரோனுக்கு இதைவிட...

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்கணும், இந்தக் குழுவுல ட்ரோன்னு யாராவது எழுதுனா அடுத்த மடல் அந்த வரிதான். அது புகழோட செத்தவங்க வானத்துக்குப் போற ஊர்தி. ஓட்டுற ஆளே வேண்டாத ஊர்தி அது, நம்மளது வரப்புல ஒருத்தன் உக்காந்து ஓட்டுறது.

கும்பகோணம்:

அதைத்தான் சொல்ல வந்தேன், முடிக்க விடுங்கள். வலவன் இருக்கிறான், தரையில் இருக்கிறான். வலவன் இருக்கும் இடம் வலவகம். நூலகம், உணவகம் போல. வலம் என்பதற்கு வலிமை, வெற்றி, வலப்பக்கம் என்று பொருள்கள். தேரை நடத்துபவன் வலவன், "வலித்தல்" என்றால் இழுத்தல், கடிவாளத்தை வலிக்கிறவன் என்றும் கொள்ளலாம், இன்றைக்கும் துடுப்பு வலிக்கிறோம். வலவகம்: ஐந்தே எழுத்து.

தஞ்சாவூர்:

வலவகம்னா வலதுசாரி கட்சி ஆபீஸ்னு நெனைப்பான். எனக்கு "இதணம்" பிடிச்சிருக்கு. தினைப்புனத்துல கிளி ஓட்டுறதுக்கு பரண் கட்டி உக்காந்தாங்களே, குறிஞ்சிப்பாட்டுல "புலி அஞ்சு இதணம்". உக்காந்த இடத்துல இருந்து வெளி முழுக்க பாக்குறதுதானே இங்கயும் வேலை. தூய சொல், வேற எதுக்கும் புழக்கத்துல இல்ல, குழப்பமே வராது.

திருத்துறைப்பூண்டி:

புழக்கத்துல இல்லன்னா குழப்பம் எப்படிங்க வரும். 😀 எங்க ஊர்ல தினை எங்க இருக்கு, குறுவை சம்பா தாளடிதான். பரண்னா மேல இருக்கும், பொட்டி கீழ இருக்கு, அப்படியே தலைகீழ்.

மாயவரம்:

நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. ஸ்ட்ரீமுக்கு "ஓடை"ன்னு ஏற்கெனவே எழுதுறோம். வீடியோ ஓடை மேல கேமராவுல புறப்படுது, அது தலைமதகு. வந்து சேர்ற இடம் கடைமடை. வான்மதகு, கடைமடை. டெல்டா பையன் ஒருத்தனுக்கும் விளக்கவே வேணாம். லேட்டன்சியும் தானா வந்துரும்: தலைமதகுல தொறந்தது கடைமடைக்கு வர்ற நேரம், சுணக்கம்.

மன்னார்குடி:

சுணக்கம் அருமை! அத எடுத்துக்கிட்டேன். "தாமதம்"னா பஸ் லேட் மாதிரி இருந்துச்சு.

திருத்துறைப்பூண்டி:

தம்பி நீ மாயவரத்துல இருக்க, நான் நெஜமாவே கடைமடையில இருக்கேன். ஜூன் 12 மேட்டூர தொறந்துட்டாங்கன்னு டிவியில பூ போடுறத பாத்துக்கிட்டே வாய்க்கால்ல வெடிப்பு எண்ணுறவங்க நாங்க. எங்க ஊர்ல கடைமடைன்னா எதுவும் வந்து சேராத இடம்னு அர்த்தம். அந்தப் பேர வச்ச பொட்டியில படம் வரும்னு எவன் நம்புவான்?

தஞ்சாவூர்:

இது ஒண்ணுக்காகவே அண்ணன் பக்கம் ஓட்டு போடுறேன்.

மாயவரம்:

வந்து சேரணும்ங்கிறதுதானே நோக்கம். சரி விடுங்க. டீச்சர், பேர் சண்டையில ஒரு விஷயம் கையேட்டுல விட்டுப்போயிடப் போகுது. பை 4ல யூஎஸ்பி எல்லாம் சேத்து 1.2 ஆம்பியர்தான் குடுக்கும், ரெண்டு அடாப்டரும் அதுலயே குடிச்சா பாதி பறக்கும்போது அடாப்டர் காணாமப் போகும், பசங்க சிக்னல் போச்சுன்னு ஆன்டெனாவ திருப்பிக்கிட்டு இருப்பாங்க. அடாப்டருக்கு தனியா 5 வோல்ட் குடுக்கச் சொல்லி தடிச்ச எழுத்துல போடுங்க. பை 5 புதுசாச்சேன்னு வாங்கவும் வேணாம், அதுல எச்.264ங்கிற வீடியோ சுருக்க முறைக்கு ஹார்டுவேர் டிகோடர (சுருக்குனத விரிக்கிற சில்லு) எடுத்துட்டாங்க, எச்.265க்கு மட்டும்தான் இருக்கு. நம்ம கேமரா எச்.264ல அனுப்புது, பை 4 போதும்.

மன்னார்குடி:

குறிச்சுக்கிட்டேன் தம்பி, நன்றி. ஆக "கட்டுப்பாடு"வ எடுத்துட்டு வெறும் "தரைநிலையம்"னு வச்சா என்ன?

கும்பகோணம்:

தரை என்பது தரா என்னும் வடசொல்லிலிருந்து வந்ததாகப் பேரகராதி காட்டும். நிலையத்தையும் நிலய என்பார் உண்டு. இரண்டு காலிலும் கடன் வாங்கிய செருப்பு.

தஞ்சாவூர்:

நிலையம் நம்ம "நில்"லுல இருந்து நேரா வந்தது ஐயா, நிலை, நிலையம், இதுல கடன் எங்க இருக்கு. தரை வேணா இருக்கட்டும். அப்போ "நிலநிலையம்"னு போடுவோமா? நில நிலைய நிலவரம்னு ஒரு வரி வந்தா பசங்க நாக்கு சுளுக்கிக்கும். தொல்காப்பியர் எச்சவியல்லயே "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ"ன்னு, அதாவது வடவெழுத்த விட்டுட்டு வடசொல்ல எடுத்துக்கலாம்னு வழி விட்டுட்டாரு. தரையில வடவெழுத்து ஒண்ணும் இல்ல. இதணத்த வாபஸ் வாங்குறேன், ஆனா மனசில்லாமத்தான்.

மாயவரம்:

எங்க ஊர 1982ல மயிலாடுதுறைன்னு மாத்தினாங்க, நல்ல தமிழ்ப் பேரு. இப்பவும் கும்பகோணம் பஸ்ஸ்டாண்டுல "மாயரம் மாயரம்"னுதான் கூப்புடுறாங்க. ரெண்டும் ஓடுது. தரைநிலையம்னு போடுங்க, முதல் இடத்துல பக்கத்துலயே கிரவுண்ட் ஸ்டேஷன்னும் எழுதிடுங்க, கூகுள்ல தேடுறவனுக்கு அதுதான் கிடைக்கும். மானிட்டர் மோட அப்படியே விடுங்க. "ஒட்டுக்கேள் நிலை"ன்னு ஒருத்தர் தனிமடல்ல அனுப்பிச்சாரு, அத அச்சுல போட்டா போலீஸ் வரும்.

திருத்துறைப்பூண்டி:

தரைநிலையம் சரி. வாயில பொட்டிதான்.

மன்னார்குடி:

சரிங்க, மூணு பேர் தரைநிலையம், ஐயா வலவகம். தரைநிலையம் பிரஸ்ஸுக்குப் போகுது. சுணக்கம் போகுது. மானிட்டர் மோடு அப்படியே. சிங்கிள் போர்டு கம்ப்யூட்டருக்கு "ஒற்றைப்பலகைக் கணினி"ன்னு நானே போட்டுட்டேன், யாரும் இப்ப கிளப்பாதீங்க ப்ளீஸ்.

கும்பகோணம்:

கிளப்பவில்லை. ஒற்றை என்றால் இணையில் ஒன்று குறைந்தது என்ற சாயல் வரும், ஒற்றைச் செருப்பு என்பது போல. "ஒருபலகைக் கணினி" என்பதே நேர். எப்படியானாலும் பலகைக்குப் பின் வரும் "க்" அச்சில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலவகத்தை அடுத்த பதிப்புக்கு மறுபடியும் முன்மொழிவேன்.

தஞ்சாவூர்:

டீச்சர், ஆன்டெனாவுக்கு என்ன போட்டிருக்கீங்க?