ஆர்டிஐ: சாலைப் பணி எம்-புக் (செய்த வேலையின் அளவுப் பதிவேடு) தர மறுப்பு. அடுத்து தகவல் ஆணையமா, ஹைகோர்ட்டா?

ஏரிக்கரை:
வணக்கம். எங்க ஊர் தார்ச்சாலை போட்ட அடுத்த மழைக்கே பெயர்ந்துவிட்டது. எஸ்டிமேட், எம்-புக், பில் நகல் கேட்டு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம் பிரிவு 8(1)(டி), விசாரணை நிலுவை 8(1)(எச்) என்று பொதுத் தகவல் அலுவலர் ஒரே வரியில் மறுத்துவிட்டார். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் தாண்டியும் பதில் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் அந்தக் குழியில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பிரிவு 18-இல் ஆணையத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா? நண்பர் நேரே ஹைகோர்ட் போகச் சொல்கிறார்.

மனுதாரர்:
புகாரை மட்டும் அனுப்பிவிடாதீங்க சார். பிரிவு 18-இல் போனால் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம், தகவலைக் கொடு என்று ஆணையம் உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உங்களுக்கு வேண்டியது எம்-புக். அதற்கு 19(3)-இல் இரண்டாம் மேல்முறையீடு போடுங்க. கெடு 90 நாள், முதல் மேல்முறையீட்டில் முடிவு வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. அபராதத்தையும் (நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய்) அதே மனுவில் கேட்கலாம்.

வக்கீல் தம்பி:
இப்போதே ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டால், ஆணையம் இருக்கிறதே, அங்கே போங்க என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். மேல்முறையீட்டில் 19(5)-ஐ அழுத்தி எழுதுங்க: மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டியவர் அலுவலர், நீங்க இல்லை. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்டணும். இப்படிச் சொன்னது பகத் சிங் என்பவர் தொடுத்த ஆர்டிஐ வழக்கு, டெல்லி உயர் நீதிமன்றம், 2007. வேலை முடிந்து மக்கள் பணத்தில் பில்லும் பாஸான பிறகு, தார் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதில் என்ன வணிக ரகசியம்? ஏதோ ஒரு பக்கம் ரகசியம் என்றே வைத்துக்கொண்டாலும், பிரிவு 10-படி அதை நீக்கிவிட்டு மீதியைத் தரணும்.

ஏரிக்கரை:
ரொம்ப நன்றி. ஒப்பந்ததாரர் சம்மதிக்கவில்லை என்று ஆபீசில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அவர் சொன்னால் அவ்வளவுதானா?

வக்கீல் தம்பி:
இல்லை. பிரிவு 11 அவர் கருத்தைக் கேட்கத்தான் சொல்கிறது, முடிவு அலுவலருடையது. மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்கணும். அந்த நகலைக் கேளுங்க. நோட்டீஸே அனுப்பவில்லை என்றால் அதையும் மனுவில் சேருங்க.

மனுதாரர்:
இன்னொன்று. பிரிவு 2(ஜே)-படி பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. ஆணையத்தில் விசாரணைத் தேதி வரும்வரை காத்திருக்காதீங்க. அதற்குள் ஒட்டுப்போட்டு மூடிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இதற்கென்று தனி மனு இந்த வாரமே போடுங்க.